தேனில் ஒட்டிய சுவடி

என் கைகளைப் பற்றி நானே பெருமையாகப் பேசுவேன். வேறு யார் பேசப் போகிறார்கள்? பட்டணத்தில் ஒரு பல்கலைக்கழக நூல்நிலையத்தில் பழைய புத்தகங்களையும் ஓலைச் சுவடிகளையும் செப்பனிடுவது என் உத்தியோகம். செல்லரித்த தாள், பூஞ்சை பிடித்த தோல் அட்டை, எலி கடித்த சுவடி, எதுவானாலும் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். இது தேறாது என்று பண்டிதர்கள் கைவிட்டதையெல்லாம் நான் தேற்றியிருக்கிறேன். கோபமும் எனக்கு மூக்கு நுனியில்தான் இருக்கும். பக்கத்தைப் பிடித்துப் புத்தகத்தைத் தூக்குகிற பேராசிரியர்களிடம் நான் பேசிய பேச்சுக்கு, என்னை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்ததே பெரிய விஷயம்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் நூல்நிலையத் தலைவர் கூப்பிட்டார். "கொல்லிமலை உனக்குப் பழக்கமாமே?" என்றார்.

பழக்கமாவது! காளப்பநாயக்கன்பட்டியில் பிறந்தவன் நான். அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, மிளகு வியாபாரம். மலைக்காரர்கள் மிளகு மூட்டையைத் தலையில் சுமந்து இறங்கினால் எங்கள் வீட்டு வாசலில்தான் இறக்குவார்கள், எங்கள் வீட்டுத் தண்ணீரைத்தான் குடிப்பார்கள். அவர்கள் பேச்சு என் நாக்கில் ஊறியது. பட்டணத்தில் எத்தனை வருஷம் இருந்தும், கோபம் வந்தால் அந்தப் பேச்சுதான் முதலில் வரும்.

விஷயம் இதுதான். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்படி வளப்பூர் நாட்டில் ஒரு சுவடி இருந்தது. அந்த நாட்டு மக்களின் முன்னோர் எந்த ஓடை வழியாக மலையேறினார்கள், அவர்களோடு வந்த சாமி எந்த மரத்தடியில் நின்றது, எந்தக் காட்டை முதலில் திருத்தினார்கள் என்று சொல்லும் கதை. ஆடி நோம்பித் திருவிழாவன்று கோயிலுக்கு முன்னால் அதைப் படிக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்தான். இருந்தாலும் ஓலையைப் பார்த்துப் படித்தால்தான் படித்ததாகக் கணக்கு. அந்தச் சுவடி இப்போது ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கிறதாம். மலைக்குப் போய்வந்த ஓர் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு எங்கள் தலைவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டுக்குப் பெரியவரான பட்டக்காரரும் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டார்: வருகிற ஆடி நோம்பிக்குள் ஓலை பிரிந்தால் ஊரில் இருக்கும், பிரியாவிட்டால் நூல்நிலையத்துக்கே கொண்டுபோகலாம்.

"போய்ப் பார். அங்கே வசதி ஒன்றும் இருக்காது. அவசரப்பட வேண்டாம். இங்கே வந்துவிட்டால் நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம்" என்றார் தலைவர்.

அவர் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. சும்மா மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுவடி தானாக என்னோடு இறங்கிவிடும். ஆனால் தெரிந்த வேலையைத் தெரியாததுபோலச் செய்ய எனக்கு வராது. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டினேன்.

சேலத்திலிருந்து கரியில் ஓடுகிற பஸ். மேட்டில் மூச்சு வாங்கி நிற்கும். எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் மலைப்பாதையில் ஏறினேன். அப்போது மேலே போக ரோடு ஏது? பெட்டியைச் சுமக்க வந்த மலைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "மொளகு சாயபு ஊட்டுப் புள்ளைக்குப் பட்டணத்துச் சோறு ஒட்டலீங்களாட்ட இருக்குது" என்றார். மூச்சு இருந்திருந்தால் நல்ல பதில் கொடுத்திருப்பேன்.

சுவடி பூசாரி வீட்டில் இருந்தது. பூசாரி இல்லை. போன வருஷம் நோம்பி முடிந்த கையோடு மலைக்காய்ச்சல் வந்து கண்ணை மூடிவிட்டார். அவர் மனைவிதான் வீட்டில் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். பூசாரியின் தம்பி பக்கத்து வீட்டில் இருந்தார். மரவள்ளிக் காடும் மிளகுக் கொடியுமாக இருப்பவர், பழைய எழுத்தும் படிக்கத் தெரிந்தவர். இந்த வருஷம் படிக்க வேண்டியவர் அவர்தான்.

அந்த அக்கா ஒரு மூங்கில் கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, எட்டப்போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். துணியை விலக்கினேன். அடேயப்பா! சுவடியா அது? வெல்லக் கட்டி மாதிரி இருந்தது. ஓலைக்கும் ஓலைக்கும் நடுவில் ஊசி நுழைய இடமில்லை. மேலே மஞ்சள், குங்குமம், அதற்குமேல் சாரை சாரையாக எறும்பு.

எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. "இதும்மேல என்னத்தை ஊத்துனீங்க?"

"தேனுங்க."

"எத்தனை?"

"ஊட்டுல இருந்ததெல்லாமுங்க."

ஓலையைப் படிக்கும் முன்னால் மேல்பலகையில் ஒரு சொட்டு மலைத்தேனைத் தொட்டு வைப்பது அந்த ஊர் வழக்கம். சாமியின் வாய் இனித்தால்தான் கதை நல்லபடியாக வரும் என்பார்கள். பூசாரிக்குக் காய்ச்சல் ஏறி, பேச்சு நின்றுபோனபோது இந்த அம்மாள் தேன் குடத்தையே எடுத்துச் சுவடிமேல் கவிழ்த்திருக்கிறார்.

"ஒரு சொட்டுக்கே சாமி கதை சொல்லுமுங்களே. குடத்தோட ஊத்துனா எங்கூட்டுக்காரரைப் பேச வெக்குமுன்னு நெனச்சனுங்க" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவரும் போயிட்டாரு. சாமியும் பேசறதில்லீங்க. சாமி வாயை அடைச்ச பொம்பளைன்னு ஊரே சொல்லுது."

ஏறின கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.  எறும்பை ஊதித் தட்டிவிட்டேன்.

அதற்குள் பட்டக்காரர் வந்துவிட்டார். வெள்ளை மீசை, கையில் தடி, நிமிர்ந்த ஆள். நான் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியிருந்தது. "உங்க சாமி ஓலை. நான் தொடலாமுங்களா?" என்றேன்.

"சாமியே கட்டிப்போயிக் கெடக்குது. தொடறது ஆருன்னு பாக்கற நேரமா இது? தொடுங்க" என்றார். பிறகு அந்த அக்கா இருந்த பக்கம் தடியை நீட்டினார். "நோம்பிக்குள்ள பிரியலீன்னா ஓலையை எடுத்துட்டுப் போயிருங்க. ஊமைச் சாமியை வெச்சுக்கிட்டு நாங்க என்னங்க பண்றது?"

"பிரியும்" என்றேன்.

"எப்புடிச் சொல்றீங்க?"

"நான் பிரிக்கிறதுனால சொல்றேன்."

பட்டக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் போன பிறகு அந்த அக்கா மெல்லக் கேட்டார்: "நெசமாலுமே பிரியுமுங்களா? பிரியலீன்னா நான் இந்த ஊர்ல இருக்க மாட்டனுங்க. இதே மலையில குண்டூர் நாட்டுல எங்கப்பன் ஊடு இருக்குது. ஆனா இந்தப் பேச்சு எனக்கு முன்னால அங்க போயிருக்கும்."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தலைவருக்கு இது ஓர் அபூர்வச் சுவடி. பட்டக்காரருக்கு நோம்பி. இந்த அக்காவுக்கோ, இருக்க ஊர் உண்டா இல்லையா என்பதே இதில்தான் இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

முதலில் எறும்பு. கூடையை ஒரு மணையில் வைத்து, மணையின் கால்களைத் தண்ணீர்க் கொட்டாங்கச்சிகளுக்குள் நிறுத்தினேன். அப்புறம் சட்டம். வீட்டுக்குள் வருகிற எல்லோரையும் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னேன்: தேன் பட்ட கை, எண்ணெய் பட்ட கை, சோறு தின்ற கை, எந்தக் கையும் ஓலையைத் தொடக் கூடாது. கழுவி, துடைத்து, காய்ந்த பிறகுதான் பக்கத்தில் வரலாம். அந்த அக்கா இதைப் பிடித்துக்கொண்ட பிடி இருக்கிறதே! வாசலில் ஒரு பானைத் தண்ணீரோடு உட்கார்ந்துவிட்டார். கொழுந்தனார் வந்தாலும் கை கழுவ வேண்டும், எட்டிப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்களும் கழுவ வேண்டும். பட்டக்காரர், "நான் ஓலையத் தொடவே இல்லியே, அம்மிணி" என்று சொல்லிப் பார்த்தார். "பாக்கறதுக்கும் கழுவோணுமுங்க" என்றார் அக்கா. பட்டக்காரர் முனகிக்கொண்டே கழுவினார்.

தேன் தண்ணீரில் கரையும். ஆனால் ஓலையைத் தண்ணீரில் போட்டால் ஊறி, நெளிந்து, எதற்கும் உதவாமல் போகும். ஆவிதான் வழி. அகன்ற பானையில் சுடுதண்ணீர், அதன்மேல் மூங்கில் தட்டு, தட்டில் வெள்ளைத் துணி, துணியில் சுவடி, மேலே ஒரு மூடி. ஆவி குறைந்தால் தேன் இளகாது. கூடினால் ஓலை சுருண்டுவிடும். அந்தப் பதம் புத்தகத்தில் எழுதி வராது, எனக்குத் தெரியும். மூங்கிலைச் சீவிச் சீவி நாக்குபோல் மெல்லிய சிம்பு ஒன்று செய்து, முதல் ஓலைக்கும் இரண்டாவது ஓலைக்கும் நடுவில் ஓரத்தில் வைத்து, தள்ளாமல், அதுவாக வழி தேடட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்தது. எவனோ வாசலில் இருமினான். அவனை ஒரு முறை முறைத்தேன். திடீரென்று சிம்பு வழுக்கி உள்ளே போயிற்று. ஓலை எழும்பிற்று.

அக்கா எப்போது உள்ளே வந்தாரோ, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். திரும்பவே இல்லை. "கிழிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க அக்கா. பிரிஞ்சுது."

நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்று பிரிந்தால் மற்றது பிரியும். பிரித்த ஓலையை ஈரப் பஞ்சால் துடைத்தேன். மஞ்சள் போயிற்று, குங்குமம் போயிற்று, புகைக்கரி போயிற்று. கீழே எழுத்து! எழுத்தாணி பிடித்த கை எவ்வளவு திடமான கை! ஒரு வரி ஏறவில்லை, ஒரு வரி இறங்கவில்லை. எத்தனையோ மடங்களின் சுவடிகளை நான் செப்பனிட்டிருக்கிறேன். இவ்வளவு அழகான எழுத்து அபூர்வம். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. சுவடியைப் பிரித்துக் கொடுத்து என் வார்த்தையையும் காப்பாற்ற வேண்டும். நோம்பி முடிந்ததும் பட்டக்காரரிடம் பேசி, அவர் மனசார இதை என்னோடு அனுப்பவும் வைக்க வேண்டும். என் பேச்சில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. எறும்பு, செல், அடுப்பு நெருப்பு என்று என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை மனசுக்குள் அடுக்கிவைத்துக்கொண்டேன்.

பிரிப்பது பெரிசில்லை, காயவைப்பதில்தான் மலை என்னைச் சோதித்தது. ஆடிமாசத்துப் பனிமூட்டம். வெயில் என்ற ஒன்று உண்டென்பதே மறந்துபோகும். நிழலில் விரித்த ஓலைகள் ஈரம் விடவே இல்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் ஓலைகளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சைப் பொட்டு. வானத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். கொழுந்தனார், "மலை மேகத்தைத் திட்டுனா அது இன்னும் கீழ எறங்குமுங்க" என்றார். அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

திட்டித் தீர்ந்ததும் மூளை வேலை செய்தது. அந்த வீட்டில் அடுப்புக்குமேல் தானியம் வைக்கிற பரண் இருந்தது. சூடு உண்டு, ஆனால் விறகுப் புகை ஏறும். "அக்கா, பரணைக் காலி பண்ணித் தாரீங்களா? அடுப்புல விறகு ஆகாது. வெறும் கரித்தணல்தான். புகையக் கூடாது, அணையவும் கூடாது" என்றேன். மறுபேச்சு இல்லை. தினை மூட்டையும் ராகியும் கொழுந்தனார் வீட்டுக்குப் போயின. பரணில் துணி விரித்து ஓலைகளைப் பரப்பினேன். அக்கா தணலுக்கு எதிரில் உட்கார்ந்தார். அடுப்பில் விறகு இல்லாததால் அவருக்குச் சமையலும் இல்லை. கொழுந்தனார் வீட்டிலிருந்து வந்த களியை அடுப்பைவிட்டு நகராமல் தின்றார். கை கழுவிவிட்டுத்தான் மறுபடி தணலைக் கிளறுவார்.

அங்கே உட்கார்ந்தபடியே ஒருநாள் கேட்டார்: "ஏனுங் சாயபு, அன்னிக்கு நான் ஊத்தாம இருந்திருந்தா அவரு பொழைச்சிருப்பாருன்னு சொல்றாங்களே. அப்படி இருக்குமுங்களா?"

"யார் சொன்னது? பேரைச் சொல்லுங்க, இப்பவே போய்க் கேக்கறேன்" என்று எழுந்துவிட்டேன். "காய்ச்சலுக்குத் தேனும் தெரியாது, ஓலையும் தெரியாது. எங்க ஊட்டுலயும் இந்தக் காய்ச்சலுக்கு ஆளைக் குடுத்திருக்கோம். நாங்க எந்த ஓலைமேல ஊத்துனோம்?"

அவர் தணலைக் கிளறினார். "பேரு வேண்டாமுங்க" என்றார்.

ஓலைகள் காய்ந்தன. பூஞ்சையைத் துடைத்தெடுத்தேன். பட்டணத்திலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்புல் தைலத்தைத் தடவி, எழுத்து பளிச்சென்று தெரிய விளக்குக்கரி ஏற்றி, புதுக் கயிறு கோத்து, பலகைகளைத் துடைத்துப் பொருத்தினேன். நோம்பிக்கு முந்தின நாள் சுவடி விசிறிபோல் விரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நான் செய்த வேலைகளிலே அதுதான் முதல்.

நோம்பியன்று கோயிலுக்கு முன்னால் இருந்த பலா மரத்தடியில் நாடே கூடிவிட்டது. கொழுந்தனார் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சுவடியை மடியில் வைத்து உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்தில், காவல்காரன் மாதிரி. அக்கா பெண்கள் கூட்டத்தில் சேராமல் மரத்துக்கு அந்தப்புறம் தனியாக நின்றார்.

பட்டக்காரர் தொண்டையைக் கனைத்தார். "தேன் கொண்டாங்க" என்றார்.

தேன்! இந்த ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தேன் வந்தது. நான் எழுந்து சுவடிக்குக் குறுக்கே நின்றேன். "ஒரு சொட்டுக்கூட ஆகாது. இத்தனை நாள் நான் எதைப் பிரிச்சேன்னு நெனைக்கிறீங்க? பலகையில வெச்சா ஓலைக்கு எறங்கும். மறுபடி எறும்பு வரும்" என்றேன்.

"தேன் வெக்காம ஓலை படிச்சு வழக்கமில்லீங்க."

"அப்ப படிக்க வேண்டாம்!"

சொல்லிவிட்டேன். கூட்டம் சலசலத்தது. இவன் யார் சொல்வதற்கு என்று ஒரு குரல். எல்லாம் அவளால்தான் என்று இன்னொரு குரல், அது மரத்துக்கு அந்தப்புறம் கேட்கும்படியாகவே வந்தது. பட்டக்காரர் நகரவில்லை, நானும் நகரவில்லை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை.

அப்போது அந்த அக்கா வந்தார். குடுக்கையைக் கொண்டுவந்தவர் கையிலிருந்து வாங்கினார். நேராக என்னிடம் வந்து, "கையை நீட்டுங்க" என்றார்.

"சாமிக்குன்னு வந்தது எனக்கு எதுக்குங்க அக்கா? பூசையெல்லாம் எனக்கு ஆகாதுங்க."

"பூசை இல்லீங்க. தேன். நான் குடுக்கறேன், வாங்கிக்குங்க." பிறகு பட்டக்காரரைப் பார்த்துத் திரும்பினார். ஒரு வருஷமாகத் தரையைப் பார்த்தே பேசிய பெண். "வாயைத் தொறக்கறதுக்குத்தானுங்களே தேன்? தொறந்தது இந்தக் கை. தேனு அதுக்குத்தான் சேரோணும். நான் அடைச்சேன்னு சொன்னீங்கல்ல, தொறந்ததுக்கும் நானே குடுத்துப்போடறனுங்க."

நான் கையை நீட்டினேன். குடுக்கைத் தேன் முழுவதையும் அவர் என் இரண்டு கைகளிலும் ஊற்றினார். விரல் இடுக்கில் வழிந்து, மணிக்கட்டில் இறங்கி, மண்ணில் சொட்டிற்று. பட்டக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"செரி, படி" என்றார்.

கொழுந்தனார் படித்தார். ஓடை வந்தது, மரம் வந்தது, சாமி நின்றது. ஓலை திரும்பும் சரசரப்பு எனக்குத் தெளிவாகக் கேட்டது. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பெண்கள் கூட்டத்திலிருந்து யாரோ வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துத் தங்கள் நடுவில் உட்காரவைத்தார்கள்.

படித்து முடிந்தது. எனக்கு என் காரியம் ஞாபகம் வந்தது. "பட்டக்காரரே, ஒரு பேச்சு. இந்தச் சுவடி பட்டணத்துல இருந்தா..." என்று ஆரம்பித்து, சுவடியை வாங்கிக் காட்டுவதற்காகக் கையை நீட்டினேன்.

"ஏனுங், கை!" என்று ஒரு சத்தம். அக்காதான். "தேன் பட்ட கை ஓலையைத் தொடக் கூடாதுங்க. நீங்க சொன்ன சட்டந்தானுங்களே."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. பட்டக்காரர் மீசை ஆட ஆடச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்வது? அக்கா கையைக் கழுவி, துடைத்து, காயும்வரை பொறுத்திருந்து, சுவடியை வாங்கிப் பலகையோடு சேர்த்துக் கட்டினார். நான் கட்டுவது போலவே, ஒரு சுற்றுக் கூடாமல் குறையாமல் கட்டினார். அடுக்கிவைத்திருந்த பேச்செல்லாம் அப்படியே போயிற்று.

மறுநாள் காலையில் நான் இறங்கினேன். ஊர் எல்லை ஓடைவரை அக்கா வந்தார். போகிற போக்கில் சும்மா வாயைக் கொடுத்தேன். "அடுத்த நோம்பிக்கு நான் இருக்க மாட்டேன். மறுபடி தேன் குடத்தைக் கவுத்துடாதீங்க அக்கா."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

"இனி எதுக்குங்க ஊத்தப்போறேன்? சாமிகிட்ட கேக்கறதுக்கு எனக்கு அந்த ஒண்ணுதானே இருந்துது."

பெட்டியைச் சுமந்த மலைக்காரர் முன்னால் நடக்க ஆரம்பித்திருந்தார். வாரேனுங்க அக்கா என்று சொல்லிவிட்டு நானும் இறங்கினேன்.